யாருக்காவது கேக்குதா

அந்தப் பையை மேல தூக்கி வைக்க வேண்டாம் சார், என் மடியிலேயே இருக்கட்டும். உள்ள மைக் இருக்கு. பச்சப்பிள்ளயக் கொண்டு போற மாதிரி கொண்டு போகணும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. காத்து வருதா? சரி.

கச்சேரி மைக் இல்ல. எனக்குப் பாட்டும் வராது, பேச்சும் வராது. நான் கம்ப்யூட்டர் ஆளு. நயினார்னு பேரு. நீங்க ஆலடிப்பேரி பஸ் ஸ்டாண்டுலதான ஏறினீங்க? அங்க ஒரு பொண்ணு குரல் கேட்டிருக்குமே, "தென்காசி செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது"ன்னு. அந்தக் குரலைப் பேச வைக்கிற பெட்டி நான் வச்சது. ஊருக்குள்ள நயினார்னா யாருக்கும் தெரியும். முன்னால பெட்டியை வச்சுத் தெரியும். இப்ப வேற ஒண்ண வச்சுத் தெரியும். அதுதான் சார் என் வருத்தமே. நீங்க வெளியூரு, எந்தப் பக்கமும் சேராத ஆளு. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்க பேரூராட்சிக்குச் செயல் அலுவலரா இந்த ஈ.ஓ. மேடம் போன வருஷம் மாத்தலாகி வந்தாங்க. வந்ததும் பஸ் ஸ்டாண்டை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "அறிவிப்பெல்லாம் தானா வரணும், ஆளு உக்காந்து கத்திக்கிட்டிருக்கக் கூடாது"ன்னுட்டாங்க. ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி பிடிச்சுக் கெடந்தது. "நயினார், இதை வச்சு முடியுமா?"ன்னு கேட்டாங்க. முடியும்னேன். லினக்ஸ் போட்டா முடியும்.

லினக்ஸ் தெரியுமா சார்? தெரியாட்டியும் குத்தமில்ல. கம்ப்யூட்டரை ஓட்டுறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஏற்பாடு வேணும்லா, அதுல இது ஒரு வகை. யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம். ஊர்க் கிணறு மாதிரி. யாரு வேணா எட்டிப் பாக்கலாம், யாரு வேணா தூரு வாரலாம். மேடம் நம்பல. "சும்மா கெடைக்குதுன்னா அதுல என்னமோ குறை இருக்கணுமே"ன்னாங்க. "வேப்பமர நிழலும் சும்மாதான் மேடம் கெடைக்குது"ன்னேன். நல்லா சொன்னேன்லா? அன்னைக்கு ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு. மேடம் மட்டும் ஃபைலைப் பாத்தாங்க.

டைம் கீப்பர் ஆபீஸுக்குப் பின்னால பழைய பார்சல் ரூம் ஒண்ணு உண்டு. அதைக் கழுவி விட்டு அந்தக் கம்ப்யூட்டரை அதுல சர்வரா வச்சேன். சர்வர்ங்கறது வெறும் மூளை சார். மூளைக்கு வாய் ஒட்டணும், காது ஒட்டணும், கை ஒட்டணும். வேலையே அதுதான். லினக்ஸ்ல சொருகிட்டா மட்டும் போதாது. சொருகினது யாரு, எங்க இருக்கு, என்ன பாஷை பேசும்னு நாம உக்காந்து எழுதிக் கொடுக்கணும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதுல ஒவ்வொண்ணையும் சர்வருக்கு அறிமுகப்படுத்தி வைக்கணும், சம்பந்தி வீட்டு ஆளுகள ஒவ்வொருத்தரா இவரு இன்னாருன்னு சொல்லி உக்கார வைக்கிற மாதிரி.

முதல்ல அந்த எழுத்து ஓடுற பலகையை மாட்டினேன். அது சனியன், எழுத்தை எல்லாம் வாங்கிக்கிடும், ஆனா கொம்பை மட்டும் கழட்டி வேற இடத்துல வச்சிரும். தென்காசின்னு அனுப்பினா, 'தெ'வுக்குப் போட்ட கொம்பு 'த'வை விட்டுட்டுப் பின்னால போய் ஒத்தையில நிக்கும். செங்கோட்டையை வாசிச்சா வாய் சுளுக்கிக்கிடும். நான் ஏணி மேல நின்னு அதைப் பாத்துக்கிட்டிருக்கேன், கீழ ஒரு பொண்ணு வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது. "நயினார் சார், உங்க பலகைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஆரம்பிக்கணும்"ங்குது.

அதுதான் உலகம்மை. பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்லுற பொண்ணு. டைம் கீப்பர் ரூம்ல கம்பி ஜன்னல் ஓரமா உக்காந்து பல வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. சொல்றதோட நிறுத்த மாட்டாங்க சார், அதுதான் அவங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது. பஸ் பேரைச் சொல்லி, நடைமேடையைச் சொல்லி முடிச்ச கையோட, "படிக்கட்டுல தொங்குற நீலச்சட்டை தம்பி, உள்ள இடம் கெடக்கு, ஏறுங்க"ம்பாங்க. "சுரண்டை பஸ்ஸுக்கு நிக்கிற அம்மா, உங்க பை அங்க பெஞ்சுல இருக்கு, எடுத்துக்கோங்க"ம்பாங்க. ஒரு அறிவிப்புன்னா அதுக்கு ஒரு வரையறை வேண்டாமா? எங்க பெட்டி அதெல்லாம் பேசாது. சுத்தமா இருக்கும்.

பெட்டிக்குக் குரல் வேணும்லா. மேடம் உலகம்மையவே சொல்லச் சொன்னாங்க. எல்லா ஊர்ப் பேரும், எல்லா நடைமேடையும், எண்ணு, மணி, எல்லாத்தையும் தனித்தனியாச் சொல்லிப் பதிஞ்சு வச்சுட்டா, அப்புறம் சர்வர் தேவைக்குத் தக்கன கோத்துக்கிடும். கேட்டதும் உலகம்மை கையில இருந்த அறிவிப்பு நோட்டை மூடி வச்சாங்க. அப்புறம் "சரி மேடம், சொல்லுதேன்"னுட்டாங்க.

டைம் கீப்பர் சண்முகவேல் அண்ணாச்சி என்னை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனாரு. "ஏல நயினாரு, பெட்டி பேச ஆரம்பிச்சா இந்தப் பிள்ள என்னல செய்யும்?"

"அது நிர்வாகம் பாக்க வேண்டியது அண்ணாச்சி. நான் டெக்னிக்கல்."

அவரு டீயைக் குடிக்காம என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு. அவருக்கு டெக்னிக்கல்னா என்னன்னு புரியலன்னு நெனச்சு, விளக்கிச் சொன்னேன்.

பதிவு ஆரம்பிச்சோம். பார்சல் ரூம்ல கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி. ஃபேன் ஓடினா சத்தம் மைக்குல விழும். ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்தும். அவங்க மைக் முன்னால, நான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு எதிர்ல. எல்லாத்தையும் ஒரு வாரத்துல முடிச்சிருக்கலாம் சார். எங்க முடிஞ்சுது? உலகம்மை ஒரு பேரைச் சொல்லுவாங்க, நான் நல்லாருக்குன்னுவேன், அவங்க "இல்ல நயினார் சார், அச்சம்புதூர்ல கொஞ்சம் கரகரப்பு இருக்கு, நாளைக்கு வந்து ஒருக்கா சொல்லிருதேன்"ம்பாங்க. எனக்கு ஒரு கரகரப்பும் தெரியாது. மறுநாள் அச்சம்புதூர் சரியா வரும், ஆலங்குளம் சரியில்லம்பாங்க. இப்படியே போச்சு. தொழில்ல அவ்வளவு சுத்தம் பாக்குற ஆளை நான் பாத்ததே இல்ல. நானும் கொஞ்சம் சுத்தம் பாக்குற ஆளுதான். கடையநல்லூரை மட்டும் ஏழெட்டுத் தடவ சொல்ல வச்சேன்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தா எனக்கும் சேத்து இருக்கும். ஒரு நாள் சொதி கொண்டு வந்தாங்க, தேங்காப்பால் குழம்பு, கூட இஞ்சிப் பச்சடி. எனக்கு சொதி பிடிக்கும்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. "வீட்டுல மிஞ்சிட்டு"ன்னாங்க. மிஞ்சின சொதி ஒரு தூக்குவாளி நெறைய இருக்குமா சார்? அவங்க வீட்டுல அளவு தெரியாம சமைக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏன் சார் சிரிக்கீங்க? சொதி சிரிக்கிற விஷயமா?

சரி, இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வாறேன். இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா எம்மேல தப்பில்லங்கறது வெளங்கிரும். சர்வருக்கு நான் ரெண்டு வாய் வச்சிருந்தேன். ஒண்ணு வெளிய, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்குற கூம்பு ஒலிபெருக்கிக்குப் போறது. இன்னொண்ணு உள்ள, நான் பரிசோதனை பாக்குறதுக்கு ஹெட்போனுக்குப் போறது. லினக்ஸ் என்ன செய்யும்னா, கண்ணு முழிக்கும்போது எந்த வாய் முதல்ல "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லுதோ அதுக்கு சைபர்னு நம்பர் போடும். அடுத்ததுக்கு ஒண்ணு. எப்பவும் கூம்புதான் முதல்ல முழிக்கும். அதனால நான் சைபர்னா கூம்பு, ஒண்ணுன்னா ஹெட்போன்னு எழுதி வச்சிருந்தேன். எல்லாம் ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்தது.

கடைசிப் பதிவும் முடிஞ்சுது. மறுநாள் மேடம் வந்து பொத்தானை அமுக்கித் தொடங்கி வைக்கணும். அன்னைக்கு மத்தியானமே உலகம்மையோட பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிட்டு, கூம்பை எல்லாம் சர்வர்ல இணைச்சுட்டேன். உலகம்மை மேசையைத் தொடச்சு வச்சுட்டு, குடையை எடுத்துக்கிட்டு, "வாறேன் நயினார் சார்"னாங்க. நான் வயரைப் பல்லுல கடிச்சுக்கிட்டிருந்தேன், அதனால தலையை மட்டும் ஆட்டினேன்.

அவங்க போன கொஞ்ச நேரத்துல மழை பிடிச்சுது. மழை பிடிச்சா எங்க ஊர்ல கரண்டு போயிரும். ஜெனரேட்டரைப் போட்டாங்க. அது பார்சல் ரூம் சுவரை ஒட்டித்தான் இருக்கு, போட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. சர்வர் திரும்ப எழுந்திரிச்சுது. எழுந்திரிச்சதும் ஒவ்வொண்ணா சரியாருக்கான்னு பாக்கணும்லா. பலகை சரி. மைக்கைப் பாக்கலாம்னு ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். மைக்குல பேசினா என் ஹெட்போன்ல எனக்குக் கேக்கணும். "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னேன். கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டுப் பேசினேன். கேக்கல. முழுசாக் கூட்டிட்டேன். ஒண்ணு ரெண்டுன்னு எவ்வளவு நேரம் சார் சொல்ல முடியும்? மைக் பரிசோதனைக்கு இயல்பாப் பேசணும், அதுதான் முறை. வாயில என்ன வருதோ அதைப் பேசினேன்.

என்ன பேசினேன்னு எனக்கு ஒழுங்கா நெனவில்ல. ஆனா பஸ் ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க, பழக்கடை பேச்சிமுத்துல இருந்து பெட்டிக்கடை வரைக்கும் ஒரு வார்த்தை பிசகாமச் சொல்லுவாங்க. அவங்க சொல்லி எனக்கும் மனப்பாடம் ஆயிட்டு.

"ஹலோ. ஹலோ. இன்னைக்கு உலகம்மை கடைசி ஊரையும் சொல்லி முடிச்சாச்சு. நாளையில இருந்து வர மாட்டாங்க. ரூம்ல இடம் தாராளமா இருக்கும். அவங்க உக்காந்த நாற்காலியை வெளிய போட்டுட்டு அங்க பேட்டரியை வைக்கலாம். வைக்க மனசு வரல. ஹலோ. மைக் டெஸ்டிங். கடையநல்லூர்னு சொல்லும்போது அந்த நல்லூர்ல அவங்க குரல் லேசா ஒரு படி எறங்கும். அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கேன். அளவு பாக்கதுக்காக. ஹலோ. கொஞ்ச நாளா சோறு எறங்க மாட்டேங்குது. படுத்தா தூக்கமில்ல. நெஞ்சுல சூடு, சர்வர் சூடாகுற மாதிரி. டாக்டர்கிட்ட காட்டணும். சொதி நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன். ஹலோ. ஹலோ. கேக்குதா? யாருக்காவது கேக்குதா?"

கூம்பும் ஹெட்போனும் நம்பர் மாறிப் போச்சு சார். ஜெனரேட்டர் கரண்டுல கூம்புக்காரன் முழிக்கக் கொஞ்சம் பிந்திட்டான், ஹெட்போன்காரன் முந்திக்கிட்டான். ஹெட்போனுக்கு சைபர், கூம்புக்கு ஒண்ணு. நான் காதுக்குள்ள பேசுதேன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்கே பேசியிருக்கேன். ஜெனரேட்டர் சத்தத்துல எனக்கு மட்டும் கேக்கல.

பள்ளிக்கூடம் விட்ட நேரம், மழை வேற, கூரைக்குக் கீழ ஊரே நின்னிருக்கு. பேச்சிமுத்து சொன்னாரு, செங்கோட்டை பஸ் டிரைவர் எஞ்சினை நிப்பாட்டிட்டாராம். கண்டக்டர் விசிலைக் கடிச்சதுக்கு, "இரும், அந்தப் பையன் முடிக்கட்டும்"னாராம். கடைசியில நான் "யாருக்காவது கேக்குதா"ன்னதும், மொத்த பஸ் ஸ்டாண்டும் "கேக்குது"ன்னு பதில் சொல்லியிருக்கு.

உலகம்மையா? அவங்களும் அங்கதான் நின்னிருக்காங்க, பஸ்ஸுக்கு. கூரைக்கு உள்ள நின்னுக்கிட்டு குடையை விரிச்சு முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டாங்களாம். கூரைக்குள்ள எதுக்குக் குடைன்னு எனக்குத் தெரியல. ஒழுகியிருக்கும்.

நான் மைக் போச்சுன்னு நெனச்சு ஹெட்போனைக் கழட்டிட்டு வெளிய வந்தேன். அத்தன பேரும் என்னையவே பாக்காங்க. சண்முகவேல் அண்ணாச்சி, "முடிஞ்சுதால?"ன்னாரு.

"எங்க அண்ணாச்சி, சத்தமே வரல."

"வந்துதுல"ன்னாரு. தோள்ல கிடந்த துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாரு. பேச்சிமுத்து ஒரு சீப்புப் பழத்தைக் கொண்டாந்து என் கையில வச்சுட்டுப் போனாரு. சர்வர் ஓடுறதுக்குப் பாராட்டுதாங்க போலன்னு நான் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். அதைத்தான் சார் இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க.

அப்புறம் பேச்சிமுத்து சொல்லி விஷயம் தெரிஞ்சதும் நான் உக்காந்து அழல, ஒளியல. நேரா சர்வர் முன்னால போய் உக்காந்தேன். நம்பரை நம்பக் கூடாதுன்னு புத்தி வந்துட்டு. லினக்ஸ்ல இன்னொரு வழி இருக்கு. எந்தச் சாதனம் எந்தத் துளையில சொருகியிருக்கு, அதோட பெறப்பு முத்திரை என்னன்னு பாத்து, அதுக்குன்னே ஒரு நிரந்தரப் பேரு வச்சிரலாம். அப்புறம் அவன் முதல்ல முழிச்சா என்ன, கடைசியில முழிச்சா என்ன, பேரு மாறாது. ஒண்ணுக்குக் கூம்புன்னு வச்சேன், ஒண்ணுக்குக் காதுன்னு வச்சேன். கரண்டை வேணும்னே நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பாத்தேன். அசையல. இதுல எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா? இதைப் பத்தி ஒருத்தன் கேக்கணுமே. எல்லாவனுக்கும் சொதிதான்.

யாரோ புகார் எழுதிட்டாங்க. பொது ஒலிபெருக்கியில சொந்த விஷயம் பேசினதா. மேடம் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நான் சைபர், ஒண்ணு, கூம்பு, காது எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னேன். பாதியிலயே கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "அந்தப் பொண்ணு பேரு இதுல வருது. அதுக்கு மனவருத்தம் இருந்தா நான் நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்"னுட்டு உலகம்மையையும் வரச் சொன்னாங்க.

உலகம்மை வந்து நின்னாங்க. என் பக்கம் திரும்பல. மேடம், "உங்களுக்கு ஏதும் புகார் உண்டாம்மா?"ன்னு கேட்டாங்க.

"புகார்லாம் இல்ல மேடம்"னாங்க. "ஒரே ஒரு குறை. நான் இத்தன வருஷமா அறிவிப்பு சொன்னவ. அறிவிப்புன்னா முழுசா இருக்கணும். எந்த ஊரு, எந்த நடைமேடை, எப்பக் கெளம்புதுன்னு. இவரு சொன்னதுல கெளம்புற நேரம் இல்ல. அதை மட்டும் கேட்டுச் சொல்லிருங்க."

மேடம் என்னையப் பாத்தாங்க. வாசல்ல நின்ன பியூனும் என்னையப் பாத்தாரு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு சார், ஒருத்தராவது தொழில்முறையாப் பேசுதாங்களேன்னு. நானும் தைரியமாச் சொன்னேன். "இனிமே நீங்க பயப்படவே வேண்டாம் உலகம்மை. நிரந்தரமாப் பேரு வச்சுக் கட்டிட்டேன். இனி ஒரு சத்தம் வெளிய வராது."

மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டு மேல ஃபேனைப் பாத்தாங்க. உலகம்மை, "சரி நயினார் சார்"னுட்டுப் போயிட்டாங்க.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? பிழை நடந்தது, திருத்திட்டேன், அதைச் சொன்னேன். நீங்களும் அந்த மேடம் மாதிரியே மேல பாக்கீங்களே சார். இந்த பஸ்ஸுல ஃபேன் கூட கெடையாது.

அதுக்கப்புறம் உலகம்மை அவங்க ஊருக்கே போயிட்டாங்க. அங்க அங்கன்வாடியில பிள்ளைகளைப் பாத்துக்கிடுதாங்கன்னு கேள்வி. பெட்டி ஒழுங்கா ஓடுது. காலையில இருந்து சாயங்காலம் வரை அவங்க குரல்தான். தென்காசி, சுரண்டை, செங்கோட்டை. நான் உள்ள உக்காந்திருப்பேன், வெளிய அவங்க பேசுவாங்க. கடையநல்லூர் பஸ் வரும்போது மட்டும் கையில இருக்க வேலையைக் கீழ வச்சுருவேன். பழக்கம்.

ஒரு நாள் ஒரு பெரியவரு கூம்புக்குக் கீழ நின்னுக்கிட்டு, மேல அண்ணாந்து, "ஏம்மா, கண்ணு தெரியல, இது எந்த பஸ்ஸும்மா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. முன்னால அப்படிக் கேட்டா உலகம்மை கம்பி ஜன்னல்ல பாத்துட்டு மைக்குலயே பதில் சொல்லுவாங்க, அந்த நெனப்புல கேட்டிருக்காரு. பெட்டி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னுச்சு. அவரு "சரிம்மா"ன்னுட்டு மறுபடி கேட்டாரு. நான் போய்க் கையைப் பிடிச்சு ஏத்தி விட்டேன். அன்னைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடல. சர்வர்ல எல்லாம் சரியாத்தான் இருந்தது, நான் ஒவ்வொரு வயரா ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கயோ ஒண்ணு சரியா சொருகல, அது எதுன்னு தெரியல.

அந்த நாற்காலியா? இருக்கு. பேட்டரி தரையிலயே இருந்துட்டுப் போட்டும், அதுக்கென்ன குளிருதா?

இப்ப இந்த பஸ் இருக்குல்லா, நாம போறது, இது புதுசா விட்டது. கீழக்கடம்பேரி வரைக்கும் போகும். முன்னால அந்த ஊருக்கு பஸ்ஸே கெடையாது, ரோடு பிரியுற விலக்குல எறங்கி நடக்கணும். அதனால அந்தப் பேரை நாங்க பதியவே இல்ல. இந்த பஸ் வந்து நின்னா பெட்டி வாயைத் திறக்காது. கண்டக்டர் எறங்கி நின்னு கத்துதாரு. நீங்களும் பாத்திருப்பீங்க. மேடம், "யாரையாவது சொல்லச் சொல்லிப் பதிஞ்சிருங்க"ன்னாங்க. சண்முகவேல் அண்ணாச்சியைச் சொல்ல வச்சேன். கேக்கச் சகிக்கல சார். அழகா ஒரு பொண்ணு பேசிக்கிட்டே வந்து, ஊர்ப் பேருல மட்டும் எருமை கத்தின மாதிரி இருக்கு. அவருகிட்ட சொல்லல, அழிச்சுட்டேன். கீழக்கடம்பேரியை யாரு சொல்லணுமோ அவங்கதான் சொல்லணும்.

கீழக்கடம்பேரிதான் உலகம்மை ஊரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

போன் போட்டேன். என்ன பேசணும்னு எழுதி வச்சுக்கிட்டுத்தான் போட்டேன், ஆனாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு வாயில வந்துட்டு. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு பேரைச் சொல்ல நீங்க பஸ் ஏறி வரணுமா? இப்பவே போன்ல சொல்லிருதேன், பதிஞ்சுக்கோங்க"ன்னாங்க.

"போன்ல வேண்டாம். குரல் நறுங்கி மெலிஞ்சு போகும். நேர்ல வந்து நல்ல மைக்குல எடுத்தாத்தான் மத்த ஊரோட ஒட்டும்"னேன். அது உண்மைதான் சார்.

போன் கட்டாயிட்டோன்னு பாத்தேன், ஆகல. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. "வாங்க. ஆனா ஒத்தையில வராதீங்க. வீட்டுல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

எனக்கு ஒண்ணும் ஓடல. ஒரு ஊர்ப் பேரைப் பதிய எதுக்குப் பெரியவங்க? மைக் ஸ்டாண்டைத் தூக்கவா? எனக்கு அம்மையும் அப்பனும் இல்ல. ஒரு அக்கா, அவ சூரத்துல இருக்கா. சண்முகவேல் அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னதுதான் தாமசம், மனுசன் லீவு எழுத உக்காந்துட்டாரு. "இருல, வீட்டுக்குப் போய் வேட்டி மாத்திட்டு வந்திருதேன்"ங்காரு. நான் வேண்டாம்னு தடுத்துட்டேன். "ரெக்கார்டிங்குக்குப் போறேன் அண்ணாச்சி, கல்யாணத்துக்கா போறேன்?"னேன். அவரு எழுதின லீவு லெட்டரை மடிச்சுப் பையில வச்சாரு. அப்புறம், "போயிட்டு வால"ன்னாரு.

பேச்சிமுத்து விடல. பஸ் ஏறும்போது இந்த இன்னொரு பையைக் கையில திணிச்சுட்டாரு. பழம், வெத்தல, பாக்கு, உள்ள பூ வேற இருக்கு போல, மணக்குதுல்லா. மைக்குக்கு எதுக்குப் பூன்னு கேட்டேன். "கொண்டு போங்க தம்பி, கேள்வி கேக்காதீங்க"ன்னுட்டாரு. அவரு கட்டாயப்படுத்திக் கொடுத்ததை எப்படித் திருப்பித் தர? இந்தச் சட்டையா சார்? புதுசுதான். எடுத்து ரொம்ப நாளா மடிப்புக் கலையாம இருந்துச்சு, இன்னைக்குப் போட்டேன். நல்லாருக்கா?

இருங்க, போன் அடிக்கி.

ஹலோ. ஆமா, உலகம்மை. பாலம் தாண்டிட்டோம். சரி. சரி. யாரு? அப்பா செங்கல் சூளைக்குப் போகலியா? மாமாவும் வந்திருக்காங்களா. ஓகோ. ஆங்? பெரியவங்க... வாறாங்க. வாறாங்க. பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. வச்சிருதேன்.

என்ன சார் அப்படிப் பாக்கீங்க. வாய் தவறி வந்துட்டு. அவங்க கேட்ட கேள்விக்கு, இல்லன்னு சொல்ல நாக்கு எழும்பல. வீட்டு வாசல்ல நாற்காலி எல்லாம் போட்டு வச்சிருக்காங்களாம். இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க சார், எனக்கு என்னமோ வேர்க்குது.

நீங்க எங்க எறங்கணும்? விலக்குலயா? அவசர வேலையா?

கேக்குறேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. உங்களைப் பாத்தா தலை நரைச்சு, வெள்ளை வேட்டியும் கண்ணாடியுமா, ஒரு மரியாதை இருக்கு. இந்த வண்டிதான் சாயங்காலம் திரும்பும், அதுல நானே உங்களை விலக்குல எறக்கி விட்டுருதேன். நீங்க அங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும். எங்க பெரியப்பான்னு நான் சொல்ல மாட்டேன், பொய்யாயிரும். அவங்களா நெனச்சுக்கிட்டா நெனச்சுக்கிடட்டும்.

அவங்க அப்பா ஏதும் கேட்டாருன்னா, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. பையனைப் பத்திக் கேட்டாலும் சொல்லுங்க. எதுக்குக் கேப்பாருன்னா... கேக்கலாம் சார். எனக்கும் இப்பத்தான் தோணுது, கேக்கலாம்னு. நல்ல மாதிரியாச் சொல்லணும்னு இல்ல. கொஞ்சம் மெதுவா முழிக்கிற ஆளுன்னு சொன்னாலும் சரி.

வருவீங்களா? வருவீங்க, முகத்துலயே தெரியுது. ரொம்ப நன்றி சார். ஊரு வந்துட்டு. எந்திரிங்க, பாத்து, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க. மைக்கை நான் எடுத்துக்கிடுதேன். அந்தப் பழப் பையை மட்டும் நீங்க பிடிங்க. அது பெரியவங்க கையில இருக்கதுதான் முறை.